குருதி கூறும் செய்தி

மாடு என்னும் சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்னும் பொருளும் உண்டு. திருவள்ளுவரும் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டுள்ளார். இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' என்னும் சொல், கால்நடையைக் குறிக்கும் 'பெக்குஸ்' என்னும் சொல்லிலிருந்து பிறந்ததாகும். பழங்காலத்து மக்கள் பலர் தம் உடைமையை மாட்டைக் கொண்டே மதித்தனர் என்பதற்கு இச்சொற்கள் சான்றாகும். ஆயினும் பொன்னுக்கும் மாட்டுக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. பொன்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் போதும். மாடாகிய செல்வமோ உண்ணும்; உறங்கும்; நோயுறும்; போற்றாவிடின் மாண்டும் போகும். தனக்கு எங்கே நோகிறது என்று எடுத்துரைக்க அதற்கு வாயில்லை. வாயில்லாத அவ்வுயிரின் உடல்நிலையை அறிவதற்கு அறிவியல் கண்ட வழிகளுள் ஒன்று, அதன் குருதியைக் கொட்டகையிலேயே சோதித்துப் பார்ப்பதாகும்.

சென்னைக்குத் தெற்கே தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர், மண்ணிவாக்கம், வண்டலூர், படப்பை முதலிய ஊர்கள் உள்ளன. இவற்றுள் பல, ஏரி நீரைக் கொண்டு நெல் விளைவித்த ஊர்கள். ஏரிக்கரைகளிலும், அறுவடை முடிந்த வயல்களிலும் மாடுகள் மேய்ந்து திரிந்தன. நகரம் தெற்கு நோக்கி வளர வளர, வயல்கள் வீட்டுமனைகளாயின. 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் ஒரு மாநகராட்சியாயிற்று. ஆயினும் மாடு வளர்ப்போர் அங்கு மறைந்துவிடவில்லை. வீட்டின் பின்புறத்தில் ஒரு கொட்டகை, அதில் இரண்டு மூன்று கலப்பினப் பசுக்கள், விடியுமுன் கறவை, தேநீர்க் கடைகளுக்கும் அண்டை வீடுகளுக்கும் பால் ஊற்றுதல், இவ்வாறு வாழும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. பிள்ளைகளின் படிப்புச் செலவும், அன்றாடக் குடும்பச் செலவும் அப்பசுக்களின் மடியை நம்பியே நிற்கின்றன.

மேய்ச்சல் நிலம் குறைந்தபோது மாட்டின் உணவும் மாறியது. பசும்புல்லுக்கு மாறாக விலைக்கு வாங்கிய வைக்கோலும், தவிடும், பிண்ணாக்கும் தொட்டியை நிரப்பின. வீடுகளிலும் உணவு விடுதிகளிலும் மிஞ்சிய சோறும் சில கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்தது. மாட்டின் வயிறு நிறைகிறது. ஆனால் வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையே பல துன்பங்களுக்கு வித்தாகிறது.

கறவை மாடுகளுக்கு வரும் நோய்களை இருவகையாகப் பிரிக்கலாம். கோமாரி, அடைப்பான் போன்றவை நுண்ணுயிர்களால் வெளியிலிருந்து வருவன. அவற்றைத் தடுப்பூசியால் தடுக்கலாம். மற்றொரு வகை நோய்கள் வெளியிலிருந்து வருவன அல்ல. உடலின் உள்ளேயே தோன்றுவன. ஒரு குடும்பத்தில் வரவைவிடச் செலவு மிகுந்தால் முதலில் சேமிப்புக் கரையும். பின்னர்க் கடன் ஏறும். இறுதியில் குடும்பம் நிலைகுலையும். பசுவின் உடலிலும் இதுவே நிகழ்கிறது. உணவின் வழியே வரும் சத்தைவிடப் பாலின் வழியே வெளியேறும் சத்து மிகுந்தால், உடலின் கணக்குப் பிழைபடுகிறது. இவற்றையே வளர்சிதை மாற்றக் கோளாறுகள் என்று கால்நடை மருத்துவ நூலார் கூறுவர். பால் காய்ச்சலும் கீட்டோசிஸ் என்னும் நோயும் அவற்றுள் முதன்மையானவை.

பால் காய்ச்சல் எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். ஒரு பசுவின் குருதி நீரில் எந்நேரமும் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், ஏறக்குறைய 3 கிராமே ஆகும். கன்று ஈன்ற பசு 10 லிட்டர் சீம்பால் சுரந்தால், அதனோடு சுமார் 23 கிராம் கால்சியம் வெளியேறுகிறது. கையிலிருக்கும் பணத்தைப்போல் ஏழு எட்டு மடங்கு செலவு ஒரே நாளில் வந்துவிடுகிறது! பசுவின் எலும்புகளில் கால்சியம் ஏராளமாக உண்டு. ஆனால் அக்களஞ்சியத்தைத் திறந்து சத்தை வெளிக்கொணர உடலுக்கு ஓரிரு நாட்கள் வேண்டும். இளம் பசுக்களில் அக்கதவு விரைந்து திறக்கும். மூன்றாம் ஈற்று, நான்காம் ஈற்று என்று வயது ஏறிய பசுக்களில் மெல்லவே திறக்கும். ஜெர்சி இனப் பசுக்கள் இந்நோய்க்கு எளிதில் ஆளாகின்றன.

தசைகள் இயங்கக் கால்சியம் இன்றியமையாதது. அது குறைந்ததும் பசு முதலில் தள்ளாடுகிறது, உடல் நடுங்குகிறது. பின்னர்ப் படுத்துவிடுகிறது. கழுத்தை வளைத்துத் தலையை விலாப்புறத்தில் சாய்த்துக்கொள்கிறது. காதுகள் சில்லிட்டுப் போகின்றன, மூக்கு உலர்கிறது. உடனே மருத்துவம் செய்யாவிடின் சில மணி நேரத்தில் உயிர் பிரியவும் கூடும். இந்நோய்க்குக் காய்ச்சல் என்று பெயர் இருப்பினும், பசுவின் உடலில் வெப்பம் ஏறுவதில்லை. இயல்பான நிலையிலோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். பெயரைக் கேட்டு உடல் சுடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர்.

இந்நோயின் காரணம் மனிதருக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. டென்மார்க்கு நாட்டில் கோல்டிங் என்னும் ஊரில் வாழ்ந்த சிமித் என்னும் கால்நடை மருத்துவர், மடியில் தோன்றும் ஏதோ ஒரு நஞ்சே காரணம் எனக் கருதினார். 1897-ஆம் ஆண்டில் மடியினுள் பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் செலுத்தும் மருத்துவமுறையை வெளியிட்டார். படுத்த பசுக்களுள் பல எழுந்து நின்றன. பின்னர், மருந்தே இல்லாமல் மடியினுள் வெறுங்காற்றைச் செலுத்தினாலும் பசு பிழைக்கிறது என்பதைப் பிறர் கண்டனர். அஃது ஏன் என்பது அப்போது ஒருவருக்கும் தெரியவில்லை. 1925-ஆம் ஆண்டில் டிரையர், கிரெய்க் என்னும் இரு அறிஞர்கள், குருதியில் கால்சியம் குறைவதே நோயின் காரணம் என்னும் கருத்தை வெளியிட்டனர். அதே ஆண்டில் லிட்டில், ரைட் என்னும் வேறிருவர் நோயுற்ற பசுக்களின் குருதியை அளந்து, கால்சியம் குறைந்திருப்பதை எண்களால் காட்டினர். காற்றின் புதிரும் அதனோடு விடுபட்டது. மடியில் காற்று நிறைந்து அழுத்தியதால் பால் சுரப்பது நின்றது; பால் நின்றதால் கால்சியம் வெளியேறுவதும் நின்றது; ஆகவே பசு பிழைத்தது. அதன்பின் கால்சியம் கலந்த மருந்தைச் சிரையின் வழியே செலுத்தும் முறை வழக்கிற்கு வந்தது. பல்லாண்டு ஊகத்தால் விளங்காத உண்மை, குருதியை அளந்தபோது விளங்கிற்று.

படுத்துவிட்ட பசுவை எவரும் காண்பர். காண முடியாத நோயே கொடியது. உடல்நலம் உடைய பசுவின் குருதியில் 100 மில்லிலிட்டருக்கு 8.5 முதல் 10 மில்லிகிராம் வரை கால்சியம் இருக்கும். அது 5 மில்லிகிராம் அளவுக்குத் தாழ்ந்தால் பசு படுத்துவிடும். 8-க்குக் கீழே தாழ்ந்தும் படுக்காமல் நிற்கும் பசுக்கள் பல உண்டு. அவை நிற்கின்றன, நடக்கின்றன, ஓரளவு தின்னவும் செய்கின்றன. ஆதலால் உடையவருக்கு ஐயம் தோன்றுவதில்லை. ஆனால் உள்ளே தசைகள் வலுவிழந்திருக்கின்றன. கருப்பை சரியாகச் சுருங்காமையால் நஞ்சுக்கொடி தங்கிவிடுகிறது. காம்பின் துளை நன்கு மூடாமையால் மடிநோய் நுழைகிறது. பால் குறைகிறது; மறுமுறை சினைப்பிடிப்பது தள்ளிப்போகிறது. 'இந்த ஈற்றில் மாடு ஏனோ சரியில்லை' என்று உடையவர் வருந்துவார். காரணம் அவர் கண்ணுக்குப் புலப்படாமல் குருதியினுள் மறைந்து கிடக்கிறது.

கீட்டோசிஸ் என்னும் நோயும் இத்தகையதே. கன்று ஈன்ற முதற்சில வாரங்களில் பால் நாளுக்கு நாள் ஏறும். பசியோ அவ்வளவு விரைவாக ஏறாது. உணவால் கிடைக்காத ஆற்றலைப் பெற, பசு தன் உடற்கொழுப்பையே கரைக்கிறது. கரைந்த கொழுப்பு முழுவதையும் கல்லீரலால் எரித்து முடிக்க இயலுவதில்லை. அரைகுறையாக எரிந்தவற்றிலிருந்து கீட்டோன்கள் என்னும் பொருள்கள் தோன்றிக் குருதியில் தேங்குகின்றன. பசு பிண்ணாக்கையும் தவிட்டையும் வெறுக்கும், உடல் மெலியும், பால் குறையும். சில பசுக்களின் மூச்சிலும் பாலிலும் ஒருவகை இனிய வாடை வீசும்.

இக்கீட்டோன்களைக் கண்டறிய ரோத்தெரா என்பவர் 1908-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார். சிறுநீரில் சில வேதிப் பொருள்களைச் சேர்த்தால், கீட்டோன் இருப்பின் ஊதா நிறம் தோன்றும். எளிய இச்சோதனை கால்நடை மருத்துவருக்கு இன்றும் துணை செய்கிறது. ஆனால் பசு சிறுநீர் கழிக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். நிறத்தைக் கண்ணால் மதிப்பிடுதலும் வேண்டும். குருதியோ காத்திருக்க வேண்டாதது; அளவையும் எண்ணாகவே தரவல்லது.

ஒரு பசுவின் குருதியைச் சோதித்தால் அப்பசுவின் நிலை தெரியும். பல பசுக்களின் குருதியைச் சேர்த்துச் சோதித்தால் வேறொன்றும் தெரியும் என்பதை இங்கிலாந்து நாட்டில் காம்ப்டன் என்னும் ஊரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தார் காட்டினர். அங்குப் பணியாற்றிய பேய்ன் என்பவரும் அவர் துணைவர்களும் 1970-ஆம் ஆண்டில் தம் முறையை வெளியிட்டனர். ஒரு பண்ணையில் பால் மிகுதியாகக் கறக்கும் பசுக்கள் ஏழு, நடுத்தரமாகக் கறப்பவை ஏழு, கறவை வற்றியவை ஏழு என்று தேர்ந்தெடுத்தனர். அவற்றின் குருதியில் சர்க்கரை, கால்சியம், மக்னீசியம் முதலியவற்றை அளந்தனர். ஒரு பசுவில் மட்டும் குறை காணப்பட்டால் அப்பசுவுக்கு நோய்; ஒரு பிரிவில் உள்ள பசுக்கள் பலவற்றிலும் ஒரே குறை காணப்பட்டால், குற்றம் பசுக்களிடம் இல்லை; தீவனத் தொட்டியிலேயே இருக்கிறது என்பது அம்முறையின் கருத்து. குருதி பசுவைப் பற்றி மட்டும் பேசுவதன்று. பசுவை வளர்க்கும் முறையைப் பற்றியும் பேசுகிறது.

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவக் கல்வி தென்சென்னைப் பகுதியிலேயே தொடங்கிற்று. 1903-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், சைதாப்பேட்டையில் டாபின் ஹால் என்னும் சிறு கட்டடத்தில் 20 மாணவர்களுடன் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1905-ஆம் ஆண்டில் அது வேப்பேரிக்கு மாறியது. 1989-ஆம் ஆண்டில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் வழியில், பொத்தேரிக்கு அருகே உள்ள காட்டுப்பாக்கத்தில் அப்பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும், உழவர்க்குப் பயிற்சியளிக்கும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. கால்நடைகளின் உணவைப் பற்றிய ஆராய்ச்சி அங்கு நடைபெறுகிறது. அந்தந்தப் பகுதி மண்ணிலும் தீவனத்திலும் குறைவாக உள்ள சத்துகளை அறிந்து, அதற்கேற்பத் தாது உப்புக் கலவைகளையும் இப்பல்கலைக்கழகத்தார் வகுத்துள்ளனர்.

குருதியை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பிச் சோதிப்பது நெடுநாளைய வழக்கம். அங்குப் பல சத்துகளையும் நுட்பமாக அளக்கலாம். ஆனால் முடிச்சூர்க் கொட்டகையில் எடுத்த குருதி, நகரின் மறுகோடியில் உள்ள மாதவரத்துக்கோ வேப்பேரிக்கோ சென்று சேர நேரமாகும். சென்னை வெயிலில், குழாயில் உள்ள குருதியணுக்கள் தம்மைச் சூழ்ந்துள்ள சர்க்கரையைத் தாமே உண்டுகொண்டிருக்கும். காக்கும் பொருள் சேர்க்காவிடின், அனுப்பிய சர்க்கரை அளவு ஒன்றாகவும், சேர்ந்த அளவு வேறொன்றாகவும் ஆகிவிடும். முடிவு திரும்பி வருவதற்குள் பசு மேலும் நலிவடையவும் கூடும். இக்குறைகளை நீக்கவே கொட்டகைச் சோதனை வந்தது.

நீரிழிவு உடைய மனிதர் தம் வீட்டில் குருதியைச் சோதித்துக்கொள்ளும் சிறு கருவியை மாணவர் பலர் பார்த்திருப்பர். அதே வகைக் கருவியொன்று குருதியிலுள்ள கீட்டோனையும் அளக்கிறது. மனிதருக்காகச் செய்யப்பட்ட அக்கருவி பசுவுக்கும் பொருந்துமா என்று ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் சிலர் ஆராய்ந்தனர். அதன் அளவு ஆய்வுக்கூடத்து அளவோடு பெரிதும் ஒத்திருந்ததை 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உள்ளங்கையில் அடங்கும் கருவி; அதில் செருகும் ஒரு மெல்லிய பட்டை; ஒரு துளிக் குருதி; இவ்வளவே தேவை. பட்டையில் பூசப்பட்டுள்ள நொதி, குருதியிலுள்ள கீட்டோனோடு வினை புரிகிறது. அவ்வினையால் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. கீட்டோன் மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். கருவி அதனை அளந்து, சில நொடிகளில் எண்ணாகக் காட்டுகிறது. அவ்வெண் லிட்டருக்கு 1.2 மில்லிமோல் என்னும் அளவைத் தொட்டால், வெளியே தெரியாத கீட்டோசிஸ் தொடங்கிவிட்டது என்று மருத்துவர் கொள்வர். எண் 3-ஐ நெருங்கினால் நோய் முற்றிவருகிறது என்று அறிவர்.

சோதனை செய்யும் முறையும் அறியத்தக்கது. பசுவை முதலில் அமைதிப்படுத்திக் கட்டுவர். வாலின் அடிப்புறத்திலோ கழுத்திலோ உள்ள சிரையிலிருந்து மருத்துவர் குருதி எடுப்பார். வயிற்றின் அடியில் புடைத்துத் தோன்றும் பால் நரம்பு எளிதில் எட்டக்கூடியதாயினும், அதிலிருந்து எடுப்பதில்லை. மடி தன் தேவைக்குக் கீட்டோனைப் பயன்படுத்திக்கொள்வதால், அங்கு எடுத்த குருதி குறைவான அளவையே காட்டும். குருதி நிற்காமல் ஒழுகும் இடரும் உண்டு. தீவனம் தின்ற சில மணி நேரத்தில் கீட்டோன் சற்று ஏறும். ஆதலால் ஒவ்வொரு முறையும் ஒரே வேளையில் சோதிப்பது நன்று. கன்று ஈன்ற மூன்றாம் நாளிலிருந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் சோதித்தால், மறைந்திருக்கும் நோயைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம்.

கால்சியத்தை அளக்கும் சிறு கருவிகளும் உள்ளன. ஆனால் அவை கீட்டோன் கருவியைப்போல் மலிவானவை அல்ல. பசு படுத்துவிட்டால் மருத்துவர் எண்ணுக்காகக் காத்திருப்பதில்லை. முதலில் குருதியை எடுத்து வைத்துக்கொண்டு, உடனே மருத்துவத்தைத் தொடங்குவார். மருந்து செலுத்திய பின் எடுத்த குருதி பழைய நிலையைக் காட்டாது. ஆதலால் முன்னரே எடுத்து வைப்பது முறையாகும். அறிகுறியைப் பார்த்துத் தொடங்கிய மருத்துவம் சரியா என்பதைப் பின்னர் வரும் எண் உறுதிசெய்யும். படுத்த பசு எழாமல் கிடந்தால், காரணம் கால்சியக் குறைவா வேறொன்றா என்பதையும் அவ்வெண்ணே அறிவிக்கும்.

சோதனையால் அறிந்த செய்தியைத் தொட்டிக்குக் கொண்டு செல்லாவிடின் பயனில்லை. வைக்கோலில் கால்சியம் குறைவு; அதிலுள்ள ஆக்சலேட்டு என்னும் பொருள், இருக்கும் கால்சியத்தையும் பிணித்துக்கொள்கிறது. அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. ஆகவே வைக்கோலையும் தவிட்டையும் மட்டுமே நம்பிய பசுவின் குருதியில் கால்சியம் தாழ்ந்திருப்பதில் வியப்பில்லை. மிஞ்சிய சோற்றை அளவுக்கு மீறி வைத்தால் வயிற்றில் புளிப்பு ஏறுகிறது. பசு தீனி எடுக்காமல் நிற்கிறது. தீனி குறைந்தால் உடற்கொழுப்புக் கரைந்து கீட்டோன் மிகுகிறது. எண்கள் கொட்டகையின் குறையைச் சுட்டிக்காட்டியபின், அகத்தி, வேலிமசால் போன்ற பசுந்தீவனத்தைச் சேர்ப்பதும், தாது உப்புக் கலவையை நாள்தோறும் அளவோடு கொடுப்பதும், சோற்றைக் குறைப்பதும் உடையவர் கையில் உள்ளன.

இங்கு நன்மை என்று எண்ணிச் செய்யும் தவறுகளும் சில உண்டு. கன்று ஈனுவதற்கு முந்திய வாரங்களில் சினைப்பசுவுக்குக் கால்சிய மருந்தை மிகுதியாக ஊட்டினால் பால் காய்ச்சல் வாராது என்று சிலர் நம்புவர். உண்மை அதற்கு மாறானது. வேண்டிய சத்து தீனியிலேயே தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து எடுக்கும் வழி மந்தமாகிவிடும். கன்று ஈன்ற அன்று அவ்வழி திறக்கக் காலம் தாழ்க்கும். அவ்வாறே, மெலிந்த பசுவுக்கு வெல்லம் ஊட்டினால் குருதியில் சர்க்கரை ஏறும் என்று எண்ணுவதும் பொருந்தாது. பசு தின்ற வெல்லத்தை அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே உண்டுவிடுகின்றன. பசுவின் குருதிக்கு வேண்டிய சர்க்கரையைப் பெரும்பாலும் கல்லீரலே ஆக்கித் தருகிறது. எல்லாவற்றிலும் இடர் மிக்கது, கால்சிய மருந்தைத் தாமே ஊசியால் செலுத்த முயல்வது. சிரையின் வழியே அதனை விரைந்து செலுத்தினால் பசுவின் இதயம் நின்றுவிடும். மருத்துவர் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெல்ல மெல்லச் செலுத்துவதன் காரணம் இதுவே. படுத்த பசுவை மருந்தகத்திற்குத் தூக்கிச் செல்ல இயலாது. அத்தகைய வேளையில் 1962 என்னும் தொலைபேசி எண்ணுக்குச் செய்தி சொன்னால் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியை நாடலாம்.

இரண்டு மாடு உடையவருக்குக் கருவி எதற்கு, பட்டைக்குச் செலவு எதற்கு என்று சிலர் வினவலாம். அவ்வினாவில் நியாயம் உண்டு. காம்ப்டன் முறைக்கு ஏழு ஏழாகப் பசுக்கள் வேண்டும். தாம்பரத்துக் கொட்டகையில் அத்தனை பசுக்கள் இல்லை. ஆயினும் ஒரு தெருவில் உள்ள கொட்டகைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பண்ணை அளவுக்குப் பசுக்கள் இருக்கும். அவை பெரும்பாலும் ஒரே வணிகரிடம் வாங்கிய வைக்கோலையும் தவிட்டையும் தின்பவை. தெருவார் ஒன்றுகூடி ஒரு கருவியைப் பொதுவில் வாங்கி, கால்நடை மருத்துவரை அழைத்து, அண்மையில் ஈன்ற பசுக்களை ஒருங்கே சோதிக்கச் செய்தால், செலவு பங்காகும், அறிவு பொதுவாகும். ஒரு வீட்டுப் பசுவின் குருதி சொல்லும் செய்தி, பக்கத்து வீட்டுப் பசுவையும் காப்பாற்றும். பால் கூட்டுறவுச் சங்கங்கள் எதற்காகத் தோன்றினவோ அந்நோக்கத்திற்கு இஃது இயைந்ததே.

கருவி வந்துவிட்டமையால் கண்ணுக்கு வேலையில்லை என்று கொள்ளலாகாது. நாள்தோறும் பசுவைத் தொட்டுக் கறப்பவர் அறிவது கருவி அறியாதது. நேற்று முழுத் தொட்டியையும் காலிசெய்த பசு இன்று பாதியை மிச்சம் வைத்தது, அசைபோடுவது குறைந்தது, சாணம் இறுகியது, காது சில்லிட்டது. இவற்றையெல்லாம் முதலில் காண்பவர் அவரே. பெரும்பாலும் அவர் அவ்வீட்டுப் பெண்மணியாவார். அவர் கண்டு சொன்ன பிறகே மருத்துவர் வருகிறார். மருத்துவர் வந்த பிறகே கருவி பேசுகிறது. கண் ஐயத்தை எழுப்புகிறது. குருதி அவ்வையத்தைத் தெளிவிக்கிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று நிறைவுறாது.

பசு தன் குருதியில் உள்ளதையெல்லாம் பாலாக்கிக் கொடுத்துவிடும் இயல்புடையது. தனக்கென்று வைத்துக்கொள்ள அது அறியாது. தன் எலும்பையும் கொழுப்பையும் கரைத்துக்கூடக் கன்றுக்கும் மனிதருக்கும் பால் தரும். அவ்வாறு கொடுக்கும் உயிரிடம், 'நீ கொடுத்ததற்கு ஈடாக உனக்கு வேண்டியது கிடைத்ததா?' என்று கேட்பது அதன் பாலை உண்டு வாழ்வோர் கடமையாகும். ஒரு துளிக் குருதியைச் சோதிப்பது அக்கேள்வியைக் கேட்கும் முறையே. கிடைத்த விடைக்கேற்பத் தொட்டியை நிரப்புவோர் வீட்டில், மாடு என்றும் செல்வமாகவே விளங்கும்.